நிமிர்ந்து நிற்கும் கோழிக்கரு: ஓர் எதிர்வினை

நம் பக்கத்தில் விலங்கியல் படித்த யாரும் 72 மணி நேரக் கோழிக்கருவை மறந்திருக்க மாட்டார்கள். தலை மார்பின் மேல் கவிழ்ந்திருக்கும். கழுத்து ஏறக்குறையச் செங்கோணத்தில் மடங்கியிருக்கும். உடல் வளைந்து, வால் பக்கம் உள்ளே சுருண்டிருக்கும். செய்முறைத் தேர்வில் அந்த வளைவை வரையத் தெரியாதவனுக்கு மதிப்பெண் கிடையாது. இவ்விதழில் சென்ற மாதம் வந்த கட்டுரையின் வண்ணப்படத்தில் அதே கரு முதுகு நிமிர்ந்து, ராணுவ அணிவகுப்புக்கு வந்த மாதிரி விறைப்பாக நிற்கிறது. தொடர் சீவல்களைக் கணினியில் அடுக்கி முப்பரிமாணமாக்கும் தன் முறைக்கு அதுவே வெற்றிச் சான்று என்கிறார் கட்டுரையாளர். விளிம்புகள் எவ்வளவு வழவழப்பாக வந்திருக்கின்றன, கவனியுங்கள் என்று வேறு சொல்கிறார். கவனித்தேன், அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

அவருடைய வாதத்தைச் சிதைக்காமல் முதலில் சொல்லிவிடுகிறேன். தொடர் சீவல்களின் ஸ்கேன் படங்களை ஃபிஜி மென்பொருளில் திறக்க வேண்டும். ஒவ்வொரு படத்தையும் அதற்கு முந்தைய படத்தோடு எலாஸ்டிக் முறையில், அதாவது படத்தையே ரப்பர் போல இழுத்து வளைத்துப் பொருத்த வேண்டும். முதல் சீவலிலிருந்து கடைசிச் சீவல் வரை சங்கிலியாக இதையே செய்தால் உருவம் வந்துவிடும். பொருத்தம் சரியா என்று தெரிய, பக்கத்துப் படங்களுக்கு இடையிலான ஒற்றுமை மதிப்பெண் கூடியிருக்கிறதா என்று பார்த்தால் போதும். எந்தத் திசுவானாலும் எந்தக் கேள்வியானாலும் வழி இது ஒன்றுதான். எம்ஆர்ஐ, அறுபடும் மெழுகு பிளாக்கின் முகப்புப் படம், கையால் வைக்கும் அடையாளப் புள்ளிகள் எல்லாம் பணக்கார நாட்டு ஆடம்பரம். சிற்றூர் ஆய்வுக்கூடத்துக்குப் பொத்தானை அழுத்தத் தெரிந்தால் போதும்.

அந்தக் கடைசி வரியைப் பிறகு எடுத்துக்கொள்கிறேன். கரு ஏன் நிமிர்ந்தது என்பதை முதலில் பார்ப்போம்.

நான் இருப்பது காரைக்கால்மேடு. கரையில் ஏற்றி வைத்திருக்கும் ஃபைபர் படகு ஒன்றை மனசுக்குள்ளேயே குறுக்காக அறுத்துப் பாருங்கள். பின்புறத்தில் தொடங்கி முன்முனையான அணியம் வரை, விரல் கனத்துக்கு ஒரு துண்டு. ஒவ்வொரு துண்டையும் தனியாகப் படமெடுத்துவிட்டு, எது எந்த உயரத்தில் இருந்தது என்ற விவரத்தைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். பிறகு, ஒவ்வொரு துண்டையும் முந்தைய துண்டின் மேல் அதிகபட்சம் பொருந்துகிற மாதிரி வை என்று மென்பொருளிடம் சொல்லுங்கள். அது சொன்னதைச் செய்யும். அணியம் மேலே எழும் பகுதியில் ஒவ்வொரு துண்டும் முந்தையதைவிடக் கொஞ்சம் உயரத்தில் இருந்தது. அந்தக் கொஞ்சத்தையே பிழை என்று எடுத்துக்கொண்டு மென்பொருள் அதைக் கீழே இறக்கிவிடும். கடைசியில் கிடைப்பது அணியம் எழும்பாத ஒரு தொட்டி. கடலில் இறக்கினால் முதல் அலையிலேயே தண்ணீர் குடிக்கும். ஆனால் துண்டுக்குத் துண்டு பொருத்தம் மட்டும் பிரமாதமாக இருக்கும், மதிப்பெண்ணும் ஏறியிருக்கும்.

துறையில் இதை வாழைப்பழச் சிக்கல் என்பார்கள். வளைந்த பழத்தைச் சீவி, சீவலுக்குச் சீவல் பொருத்தி அடுக்கினால் நேரான உருளைதான் வரும். இந்த வேலைக்குள் நுழைகிறவர் தொடக்கத்திலேயே முட்டிக்கொள்ளும் சிக்கல் இது. இத்தனை நீளக் கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. அதற்குப் பதிலாக அதன் விளைவு வண்ணப்படமாக அச்சாகியிருக்கிறது.

கரு வளைந்திருந்தது என்ற செய்தி எந்தச் சீவலிலும் எழுதப்பட்டிருக்கவில்லை என்பதைக் கட்டுரையாளர் விளங்கிக்கொள்ளவே இல்லை. சீவலைக் கத்தியிலிருந்து எடுத்து வெந்நீரில் மிதக்கவிட்டு, ஸ்லைடில் ஏந்தும்போதே அது எந்த இடத்தில், எந்தத் திசையில் இருந்தது என்பது போய்விடுகிறது. போனதை எந்த அல்காரிதமும் உள்ளிருந்து மீட்க முடியாது. வெளியிலிருந்து ஒரு சாட்சி வேண்டும். அந்தச் சாட்சியைத்தான் அவர் ஆடம்பரம் என்கிறார்.

சாட்சி இல்லாமல் எலாஸ்டிக் முறையை அவிழ்த்துவிட்டால் என்ன ஆகும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சீவலின் தடிமன் 5 மைக்ரான். திசுவுக்குள் ஓர் இரத்தக் குழாய் 45 பாகைச் சாய்வில் ஓடுகிறது. அப்படியானால் ஒவ்வொரு சீவலிலும் குழாயின் வெட்டுமுகம் 5 மைக்ரான் தள்ளியிருக்க வேண்டும். 200 சீவல்களில் மொத்தம் 1 மில்லிமீட்டர். எலாஸ்டிக் பொருத்தம் இந்தத் தள்ளலைப் பார்த்ததும், சீவல் கசங்கியிருக்கிறது போல என்று ஒவ்வொரு முறையும் குழாயை இழுத்துப் பழைய இடத்திலேயே வைத்துவிடும். முடிவில் சாய்ந்த குழாய் செங்குத்தாக நிற்கும், 1 மில்லிமீட்டர் உண்மை காணாமல் போயிருக்கும். படம் முன்பைவிட அழகாகவும் இருக்கும்.

சங்கிலி முறையில் இன்னொரு வினை இருக்கிறது. ஒவ்வொரு பொருத்தத்திலும் 3 மைக்ரான் பிழை என்று வைத்துக்கொள்வோம். கண்ணுக்குத் தெரியாத அளவு. அது ஒரு தடவை இடமும் ஒரு தடவை வலமுமாக ஒழுங்கில்லாமல் வந்தால் 400 சீவல்களுக்குப் பிறகு சுமார் 60 மைக்ரான் விலகல். ஒரே பக்கமாக வந்தால் 1,200 மைக்ரான். அளவை மாற்றவும் அனுமதி கொடுத்துவிட்டால் நிலைமை இதைவிட மோசம். ஒவ்வொரு படத்தையும் மென்பொருள் அரை சதவீதம் சுருக்கினால் பக்கத்துப் படத்தோடு வித்தியாசமே தெரியாது. ஆனால் 200-வது சீவல் அசல் அளவில் சுமார் 37 சதவீதமாகச் சூம்பிப் போயிருக்கும். உருளையாக இருந்த திசு கூம்பாகிவிடும். கட்டுரையாளரின் கரு வால் பக்கம் ஒல்லியாகிக்கொண்டே போவதில் இயற்கையின் பங்கு எவ்வளவு, இந்தப் பெருக்கலின் பங்கு எவ்வளவு? அவரிடம் பதில் இருக்காது. அளந்திருந்தால்தானே!

ஒற்றுமை மதிப்பெண்ணைக் காட்டி வாயடைக்கப் பார்க்கிறாரே, அதற்கு 2012-லேயே பதில் வந்துவிட்டது. டார்ஸ்டன் ரோல்ஃபிங் என்ற ஆய்வாளர் மருத்துவப் படிமவியல் ஆய்விதழ் ஒன்றில், படங்களின் ஒற்றுமையையும் பகுதிகள் ஒன்றன் மேல் ஒன்று படியும் அளவையும் வைத்துப் பொருத்தத்தின் துல்லியத்தை அளக்கலாமா என்ற கேள்வியை எடுத்துக்கொண்டார். அதற்காக ஒரு கருவியையே செய்தார். அதற்கு அவர் வைத்த பெயர் ‘முற்றிலும் பயனற்ற பொருத்தக் கருவி’. அது உடற்கூறைத் துளிகூடக் கண்டுகொள்ளாது. இரண்டு படங்களின் புள்ளிகளையும் வெளிச்ச அளவுப்படி வரிசைப்படுத்தி, இதில் முதலாவதை அதில் முதலாவதோடு, இரண்டாவதை இரண்டாவதோடு என்று சேர்த்துவிடும், அவ்வளவுதான். மூக்கில் இருந்த புள்ளி முதுகுக்குப் போகலாம். ஆனால் ஒற்றுமை மதிப்பெண்ணில் அந்தப் பயனற்ற கருவி நல்ல கருவிகளை எல்லாம் தோற்கடித்தது. கட்டுரையாளர் நம்பியிருக்கும் அளவுகோல் எப்படிப்பட்டது என்பதற்கு இதற்கு மேல் சாட்சி தேவையில்லை.

அப்படியானால் எப்படி அளப்பது? 2019-ல் அன்ஹிர் என்ற பெயரில், வெவ்வேறு சாயம் ஏற்றிய திசுப் படங்களைப் பொருத்துவதற்கு ஓர் உலகப் போட்டி நடந்தது. 355 படங்கள், 18 வகைச் சாயங்கள், 481 ஜோடிகள். 256 குழுக்கள் பெயர் கொடுத்தன; முடிவை ஒப்படைத்தவை 10. இந்த விகிதமே பொத்தான் தத்துவத்துக்குப் போதுமான பதில் என்று எனக்குத் தோன்றுகிறது. இருக்கட்டும். அங்கே மதிப்பிட்டது எதை வைத்து? மனிதர்கள் கையால் வைத்த அடையாளப் புள்ளிகளை வைத்து. ஒரு சுரப்பியின் முனை, ஒரு குழாய் கிளை பிரியும் இடம் என்று இரண்டு படங்களிலும் ஒரே இடத்தைக் குறித்து, பொருத்திய பிறகு அவை எவ்வளவு தள்ளி விழுகின்றன என்று பார்த்தார்கள். நன்றாகச் செய்த குழுக்கள்கூட எடுத்த எடுப்பில் ரப்பரை இழுக்கவில்லை. முதலில் நகர்த்திச் சுழற்றி முரட்டுப் பொருத்தம், அதன் பிறகே மெல்லிய வளைப்பு.

அவர் தூக்கிப் பிடிக்கும் மென்பொருளை எழுதியவர்களே அவரைவிட எச்சரிக்கையானவர்கள் என்பதுதான் இதில் வேடிக்கை. 2012-ல் சால்ஃபெல்ட், கார்டோனா முதலியோர் வெளியிட்ட எலாஸ்டிக் முறை, ஃபிஜியில் ஓடும் ட்ராக்ஈஎம்2-வில் இருக்கிறது. அது ஒரு படத்தை அடுத்த படத்தோடு மட்டும் கட்டுவதில்லை. பக்கத்திலுள்ள பல சீவல்களோடு சேர்த்துக் கட்டுகிறது. ஒவ்வொரு படமும் அளவுக்கு மீறி வளையாதபடி உள்ளேயே சுருள்வில் மாதிரி ஓர் எதிர்ப்பையும் வைத்திருக்கிறது. அதுவும் மின்னணு நுண்ணோக்கியின் மிக மெல்லிய சீவல்களை மனதில் வைத்துச் செய்தது. இன்னொரு கருவியான ஸ்டேக்ரெக், நாம் ஓட்டும்போது திரையில் எந்தப் படம் திறந்திருக்கிறதோ அதையே நங்கூரமாக வைத்து மற்றவற்றைப் பொருத்தும். கிழிந்த சீவல் ஒன்று திறந்திருக்கும்போது அழுத்திவிட்டால் மொத்த அடுக்கும் அதற்கு ஏற்ப அமையும். இதெல்லாம் பொத்தானுக்குப் பின்னால் இருக்கும் முடிவுகள். முடிவை நாம் எடுக்காவிட்டால் மென்பொருள் எடுத்துவிடும், நம்மைக் கேட்காமலேயே.

ஓர் இடத்தில் அவர் சொல்வது சரி. நகர்த்துவதும் சுழற்றுவதும் மட்டும் போதாது என்கிறார். ஒப்புக்கொள்கிறேன். மைக்ரோடோம் கத்தி மெழுகை அழுத்திக்கொண்டே வெட்டுவதால் சீவல் வெட்டும் திசையில் சற்றுக் குறுகும். தண்ணீரில் விட்டதும் கொஞ்சம் விரியும். ஒவ்வொரு சீவலும் ஒரே அளவு விரியாது. எங்கள் ஊர் வெக்கையில் இது இன்னும் அதிகம். சித்திரை வெயிலில் காலை பத்து மணிக்கே பாரஃபின் பிளாக் இளகத் தொடங்கும். மீனுக்கு வரும் ஐஸில் ஒரு துண்டு வாங்கி வந்து, பிளாக்கைக் கவிழ்த்து அதன் மேல் வைத்துக் குளிரவிட்டுத்தான் அடுத்த ரிப்பனை வெட்டுகிறேன். குளிர்ந்ததும் வெட்டிய முதல் பத்துச் சீவலுக்கும் இளகிய பிறகு வெட்டிய கடைசிப் பத்துக்கும் அகலத்தில் வித்தியாசம் கண்ணிலேயே தெரியும். ஒரு மடிப்பு, ஒரு கீறல், வாட்டர் பாத்தின் அடியிலிருந்து எழும் ஒரு சின்னக் குமிழி, எல்லாம் ஸ்லைடில் ஏறிவிடும். ஆகவே திருத்தம் வேண்டும்தான். ஆனால் எந்தத் திரிபு கத்தியாலும் தண்ணீராலும் வந்தது, எது உடலிலேயே இருந்த வடிவம் என்று பிரித்தறிய வழி வைத்துக்கொண்டுதான் திருத்த வேண்டும். இரண்டையும் ஒரே இழுப்பில் சமன் செய்வதற்குப் பெயர் திருத்தம் அல்ல, அழிப்பு. கிழிந்த சீவலை மறைக்காமல், விலக்காமல் சங்கிலியில் விட்டால் அடுத்து வரும் நல்ல சீவலும் அந்தக் கிழிசலுக்கு ஏற்றபடி இழுபடும். பக்கத்து வீட்டுக்காரன் செய்த குற்றத்துக்கு இவன் தண்டனை அனுபவிக்கிறான்.

‘வழி ஒன்றே’ என்ற பிரகடனத்துக்கு வருவோம். பொருத்தம் என்ற ஒரே பெயரில் குறைந்தது மூன்று வேலைகள் இருக்கின்றன, அவர் மூன்றையும் ஒரே பானையில் போட்டுக் கிண்டியிருக்கிறார். ஹீமடாக்ஸிலின்-இயோசின் சாயமிட்ட சீவலையும் அதற்கு அடுத்ததில் ஒரு புரதத்துக்குச் சாயமிட்டதையும் ஒன்றன் மேல் ஒன்று வைத்துப் புற்றுப் பகுதியை ஒப்பிடுவது ஒரு வேலை. இரண்டே படம், சங்கிலி கிடையாது. இங்கே எலாஸ்டிக் முறையை அளவோடு பயன்படுத்தலாம், யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். நூற்றுக்கணக்கான சீவல்களிலிருந்து உறுப்பின் வடிவத்தை மீட்பது இரண்டாவது. இங்கே வெளிச்சாட்சி இல்லாமல் தொடங்கவே கூடாது. எலி மூளையின் ஒரு சீவல் வரைபட நூலின் எந்தத் தளத்தில் விழுகிறது என்று கண்டுபிடிப்பது மூன்றாவது. அதற்குப் பக்கத்துச் சீவலே தேவையில்லை, வரைபடத்தை வெட்டிய கோணத்துக்குச் சாய்த்துப் பார்க்கும் குயிக்நிஐஐ போன்ற கருவிதான் தேவை.

சீவல்களுக்கு இடையிலான தூரத்தையும் அவர் கணக்கில் எடுக்கவில்லை. ஒரு செல்லின் உட்கரு பொதுவாக 6 முதல் 10 மைக்ரான் குறுக்களவு. 5 மைக்ரான் சீவல்களைத் தொடர்ச்சியாக எடுத்தால் ஒரே உட்கரு இரண்டு அல்லது மூன்று சீவல்களில் தெரியலாம். பத்துக்கு ஒன்று என்று எடுத்தால், நிறையக் கூடங்களில் செலவு கருதி அப்படித்தான் எடுக்கிறார்கள், அடுத்தடுத்த படங்களில் பெரும்பாலும் ஒரே செல் இருக்காது. இல்லாத செல்லை இல்லாத செல்லோடு பொருத்த மென்பொருளை விரட்டினால் அது எதையாவது பிடித்து இழுத்துக்கொண்டு வரும். அதைத்தான் துல்லியம் என்கிறார்.

இனி அந்த ஆடம்பரம். சென்னை ஐஐடியின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை ஆய்வு மையம் 2024 டிசம்பரில் ‘தரணி’ என்ற பெயரில் மனிதக் கருமூளைத் தொகுப்பை உலகுக்குத் திறந்துவிட்டது. 14 முதல் 24 வாரம் வரையிலான ஐந்து மூளைகள், 5,132 சீவல்கள். சீவல்களோடு சேர்த்து முழு மூளையின் எம்ஆர்ஐ படங்களையும் வைத்திருக்கிறார்கள். மேலைநாடுகளில் ஆவதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான செலவு என்று ஐஐடியே சொன்னது. அதற்கு முன் 2013-ல் வந்த பிக்பிரெயின், 65 வயதுப் பெண் ஒருவரின் மூளையை 20 மைக்ரான் கனத்தில் 7,404 சீவல்களாக வெட்டி உருவாக்கியது. அங்கும் எம்ஆர்ஐதான் அடிப்படைச் சாட்சி. அத்தனை பெரிய குழுவே சீவல்களை மட்டும் நம்பி அடுக்கவில்லை. நம்மவர் மட்டும் நம்புகிறார்.

எம்ஆர்ஐ நமக்கு எட்டாது என்று வைத்துக்கொள்வோம். வில்ஹெல்ம் ஹிஸ் 19-ஆம் நூற்றாண்டில் கருக்களை ஆராய்ந்தபோது அவரிடம் எம்ஆர்ஐ இல்லை, கணினி இல்லை. அறுப்பதற்கு முன் கருவை முழுசாக வரைந்து வைத்துக்கொண்டார். பிறகு சீவல்களிலிருந்து உருவத்தை மீட்டபோது அந்த வரைபடத்தோடு ஒப்பிட்டுத்தான் சீவல்களை வைத்தார். கட்டுரையாளர் ஆடம்பரம் என்று ஒதுக்குவது ஒரு பென்சிலுக்கு உள்ளே அடங்குகிற சமாச்சாரம். அவருடைய சட்டைப் பையில் இருக்கும் கைபேசியில் அந்தக் கோழிக்கருவை மெழுகில் புதைக்கும் முன் அளவுகோலோடு, பக்கவாட்டில் ஒரே ஒரு படம் எடுத்திருந்தால் இந்தக் கேலிக்கூத்து நடந்திருக்காது.

இன்னும் வேண்டுமென்றால் பிளாக்கில், திசுவுக்கு வெளியே, வெட்டும் தளத்துக்குச் செங்குத்தாக இரண்டு மூன்று ஊசித் துளைகள் போடலாம். ஒவ்வொரு சீவலிலும் துளையின் வட்டம் தெரியும், வட்டங்களை ஒரே இடத்தில் நிறுத்தினால் சீவல் தன் இடத்துக்கு வந்துவிடும். துளை கொஞ்சம் சாய்ந்துவிட்டால் முழு உருவமும் ஒரே பக்கம் சாயும். ஆனால் வளைவு வளைவாகவே இருக்கும், சாய்வை முழுக்கருப் படத்தை வைத்துப் பின்னால் சரிசெய்துகொள்ளலாம். மைக்ரோடோமுக்கு எதிரே கைபேசியை ஸ்டாண்டில் நிறுத்தி, ஒவ்வொரு வெட்டுக்கு முன்னும் பிளாக் முகப்பைப் படமெடுப்பதும் நடக்கிற காரியம்தான். வெள்ளை மெழுகில் வெளிறிய திசு சரியாகத் தெரியாது என்பது உண்மை, புதைக்கும் முன் திசுவுக்குச் சாயம் ஏற்றினால் தெரியும்.

இதற்கெல்லாம் நம் கணினி தாங்காது என்பதையும் அவர் ஒரு காரணமாகச் சொல்கிறார். 15க்கு 20 மில்லிமீட்டர் திசுவை 0.5 மைக்ரானுக்கு ஒரு புள்ளியாக ஸ்கேன் செய்தால் 120 கோடிப் புள்ளிகள், சுருக்காமல் 3.6 ஜிபி. 200 ஸ்லைடுக்கு 720 ஜிபி. ஆனால் பொருத்தத்தைக் கண்டுபிடிக்க அந்தத் துல்லியம் எதற்கு? 8 மைக்ரானுக்கு ஒரு புள்ளியாகக் குறைத்தால் ஒரு படம் 14 எம்பி, மொத்தமும் 2.8 ஜிபி. கல்லூரி மாணவனின் மடிக்கணினியில் ஓடும். அதில் கண்டுபிடித்த நகர்வையும் சுழற்சியையும் எண்களாகச் சேமித்து, தேவைப்படும் இடத்தில் மட்டும் பெரிய படத்துக்குப் போட்டுக்கொள்ளலாம்.

சிற்றூர்க் கூடங்களுக்குப் பொத்தான் போதும் என்ற வரிக்கு வருகிறேன். மெழுகு இளகுவதற்கு முன் எத்தனை சீவல் எடுக்கலாம், எந்த ரிப்பன் கடைசியில் குறுகும், எந்த ஸ்லைடில் மடிப்பு விழுந்தது என்பதெல்லாம் வெட்டுகிறவனுக்குத்தான் தெரியும். ஸ்கேன் கோப்பைத் திறந்து பார்க்கிறவருக்குத் தெரியாது. எந்த முறையைத் தேர்வது என்ற முடிவில் பாதி, கணினியைப் போடுவதற்கு முன்பே மைக்ரோடோம் மேசையில் எடுக்கப்பட்டுவிடுகிறது. அங்கே இருப்பவனை யோசிக்க வேண்டாம் என்று சொல்வது யாருக்கு வசதி?

கட்டுரையாளரிடம் நான் கேட்பது அதிகமில்லை. எந்தச் சீவலை நங்கூரமாக வைத்தார், எத்தனை சீவல்களை விலக்கினார், எவை கிழிந்தவை என்று சொல்லட்டும். எலாஸ்டிக் இழுப்புக்கு முந்தைய அடுக்கையும் பிந்தைய அடுக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வெளியிடட்டும். பொருத்தத்தில் பங்கெடுக்காத வேறொருவரைக் கொண்டு பத்துச் சீவல்களில் அடையாளப் புள்ளிகள் வைக்கச் சொல்லி, அவை எத்தனை மைக்ரான் தள்ளி விழுகின்றன என்று அச்சிடட்டும். அதுவரை அந்தப் படத்தை எந்தக் கல்லூரியும் வகுப்பறைச் சுவரில் மாட்டிவிட வேண்டாம். 72 மணி நேரக் கருவின் கழுத்து எங்கே மடங்குகிறது என்று தேர்வில் கேட்டால், மடங்கவே இல்லை என்று பையன் எழுதிவிட்டு வருவான்.